இராயனுக்குத் தரக்கூடாதது

“அரசியல் விசுவாசிக்கு எதற்கு?” நம் சபைகளில் இதை யாரும் கேள்வியாகக் கேட்பதில்லை, முடிவாகவே சொல்லிவிடுகிறார்கள். தேர்தல் வந்தால் உபவாச ஜெபம் வைப்போம், ஆளுகிறவர்களுக்காக மன்றாடுவோம், அதற்கு மேல் போனால் பிரசங்கம் மேடைப்பேச்சாகிவிடும் என்பார்கள். இந்தத் தயக்கத்தைக் கோழைத்தனம் என்று தள்ளிவிட முடியாது. அதற்குள் நியாயமான ஒரு பயம் இருக்கிறது. பிரசங்க பீடத்தில் நிற்பவர் ஒரு கட்சிக்காக வாய் திறந்துவிட்டால், அடுத்த கட்சிக்காரர் அவர் கையால் திருவிருந்து வாங்கக் கூசுவார். ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளருக்குப் பொன்னாடை போர்த்திய கைகள், அவர் ஜெயித்த பிறகு செய்யும் அநியாயத்தைச் சுட்டிக்காட்ட நீளுவதில்லை.

எனவே அவசரப்பட்டு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிடக் கூடாது. விசுவாசம் உலகக் காரியங்களில் கைவைத்தபோது என்ன நடந்தது, கைகழுவியபோது என்ன நடந்தது என்று ஒரு தேசத்தின் வாழ்வில் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்குத் தென்னாப்பிரிக்காவைவிடத் தெளிவான இடம் இல்லை. அங்கே ஒடுக்கியவரும் ஒடுக்கப்பட்டவரும் வாசித்தது ஒரே வேதத்தை.

கேப் பகுதியின் டச்சுச் சீர்திருத்தச் சபை 1829இல் நல்ல முடிவொன்றை எடுத்திருந்தது. நிறமோ பிறப்போ பாராமல் எல்லா அங்கத்தினருக்கும் ஒன்றாகவே திருவிருந்து பரிமாற வேண்டும் என்பது அந்த முடிவு. வெள்ளையர் பலருக்கு அது பிடிக்கவில்லை. தங்கள் பண்ணையில் வேலை செய்கிறவர் தொட்ட பாத்திரத்தில் தாங்களும் பருகுவதா என்று முறுமுறுத்தார்கள். 1857இல் கூடிய சபைச் சங்கம் அவர்களுக்கு வளைந்து கொடுத்தது. எல்லாரும் சேர்ந்து ஆராதிப்பதே வேதத்துக்கு ஏற்றது என்று ஒப்புக்கொண்டுவிட்டு, சிலருடைய பலவீனத்தை முன்னிட்டுத் தனித்தனியாகவும் கூடலாம் என்றது. 1881இல் கலப்பினத்தவருக்கென்று தனிச் சபையே உருவாயிற்று.

அந்தச் சங்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் தாங்கள் அரசியல் செய்ததாக நினைத்திருக்க மாட்டார்கள். ஆராதனை ஒழுங்கைப் பற்றி ஒரு தீர்மானம், சிலர் மனம் நோகாமலிருக்க ஒரு சலுகை, அவ்வளவுதான். ஆனால் திருவிருந்து மேசையில் விழுந்த பிளவு மெல்ல ஊரைப் பிளந்தது. 1948இல் இனஒதுக்கலைக் கொள்கையாக அறிவித்து ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சி அரசின் பிரதமர் டி. எஃப். மலான், அதே சபையில் போதகராக இருந்தவர். 1950இல் வந்த மக்கள் பதிவுச் சட்டம் நாட்டிலுள்ள ஒவ்வொருவரையும் இனவாரியாகப் பிரித்து எழுதியது. ஒருவர் எந்த இனம் என்று சந்தேகம் வந்தால் தலைமுடியில் பென்சிலைச் செருகிப் பார்த்தார்கள். அது கீழே விழுகிறதா, நிற்கிறதா என்பதை வைத்தும் ஒரு மனிதருடைய இனம் முடிவாயிற்று. ஒரே வீட்டில் பிறந்தவர்கள் வெவ்வேறு இனமாகப் பதியப்பட்டார்கள். அதே ஆண்டில் வந்த குடியிருப்புப் பகுதிச் சட்டத்தால், தலைமுறைகளாக வாழ்ந்த இடங்களைவிட்டுக் கறுப்பரும் கலப்பினத்தவரும் இந்தியரும் வெளியேற்றப்பட்டார்கள். கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாக 1860 முதல் கப்பலேறிய தமிழர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவர்களில் உண்டு.

இந்த ஏற்பாட்டை எதிர்த்தவர்களும் கிறிஸ்தவர்களே. அதன் வேர்கள் பிடித்துக்கொண்டிருந்த நாட்களிலேயே அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். 1908இல் ஜோகன்னஸ்பர்க் தெருவில் காந்தி அடிபட்டு விழுந்தபோது தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர் ஜோசப் டோக் என்ற பாப்டிஸ்ட் போதகர். பலதார மணத்தை அனுமதிக்கும் மதங்களின் முறைப்படி நடந்த திருமணங்களைச் சட்டம் ஏற்காது என்று 1913இல் கேப் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, எத்தனையோ இந்தியப் பெண்களின் தாலி சட்டத்தின் கண்ணில் பொருளற்றதாயிற்று. அதைத் தொடர்ந்த போராட்டத்தில் சிறை சென்று, வெளியே வந்த சிறிது காலத்தில் 1914 பிப்ரவரியில் உயிர்விட்டவர் தில்லையாடி வள்ளியம்மை. கிறிஸ்தவ நாடு என்று சொல்லிக்கொண்ட நாட்டின் சட்டம் ஒரு பக்கம். கிறிஸ்துவின் பெயரால் கதவைத் திறந்த ஒரு போதகரின் வீடு இன்னொரு பக்கம். இரண்டுமே அரசியல்தான்.

பிறகு வந்த பல பத்தாண்டுகளில் இந்த முரண் கூர்மையாயிற்று. 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் போலீசார் சுட்டதில் 69 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் கோட்டஸ்லோ என்னுமிடத்தில் சபைகள் கூடி ஆலோசித்தன. டச்சுச் சீர்திருத்தச் சபையின் பிரதிநிதிகளும் அங்கே இனஒதுக்கலின் சில அடிப்படைகளை மறுக்கும் அறிக்கைக்கு உடன்பட்டார்கள். பிரதமர் வெர்வூர்டுக்கு அது பிடிக்கவில்லை. சில மாதங்களில் அந்தச் சபையின் சங்கங்கள் தங்கள் பிரதிநிதிகள் உடன்பட்டதையே தள்ளிவிட்டன. பின்வாங்காமல் நின்றவர்களில் முக்கியமானவர் பேயர்ஸ் நௌதே. ஆப்பிரிக்கானரின் செல்வாக்குமிக்க இரகசிய அமைப்பான புருடர்பாண்டைத் தொடங்கியவர்களில் ஒருவரின் மகன். தானும் அதன் உறுப்பினர். ஜோகன்னஸ்பர்க்கில் வசதியான சபையின் போதகர். சபைச் சங்கத்தின் தலைமைப் பொறுப்பு வரை உயர்ந்தவர். 1963இல் அத்தனையையும் விட்டு, எல்லா இனத்தாரும் சேர்ந்து இயங்கும் கிறிஸ்தவ நிறுவனம் ஒன்றைத் தலைமையேற்று நடத்தினார். மனிதருக்குக் கீழ்ப்படிவதைவிடக் கடவுளுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற அப்போஸ்தலர் வார்த்தையை வைத்துத் தன் சபைக்குப் பிரசங்கம் செய்துவிட்டுத்தான் போனார். 1977 முதல் 1984 வரை அரசு அவரைத் தடையுத்தரவில் வைத்தது. ஒரு நேரத்தில் ஒருவரைத் தவிர அவர் யாரையும் சந்திக்கக் கூடாது.

அதே ஆண்டுகளில் ஃபிராங்க் சிக்கானே என்ற கறுப்பினப் போதகர் கைதாகிச் சித்திரவதைக்கு உள்ளானார். அந்தச் சித்திரவதையை மேற்பார்வையிட்டவர், தன்னுடைய சபையிலேயே வெள்ளையர் பிரிவில் பொறுப்பு வகித்தவர் என்று சிக்கானே பிற்பாடு சொல்லியிருக்கிறார். இந்தச் செய்தியை நிதானமாக யோசிக்க வேண்டும். அந்த அதிகாரி வேதம் வாசித்திருப்பார், ஜெபித்திருப்பார், காணிக்கை போட்டிருப்பார். அவருடைய விசுவாசம் ஞாயிற்றுக்கிழமையோடு நின்றுகொண்டது. திங்கட்கிழமை அவர் கை என்ன செய்கிறது என்று அது அவரிடம் கேட்கவில்லை. அரசியலிலிருந்து விலகி நிற்கும் விசுவாசம் தூய்மையாக இருக்கும் என்று நாம் நம்புகிறோம். உண்மையில், கேள்வி கேட்காத விசுவாசத்தைப் போல வசதியான கருவி எந்தக் கொடுங்கோலனுக்கும் கிடைக்காது.

1985இல் தென்னாப்பிரிக்க இறையியலாளர்கள் வெளியிட்ட கைரோஸ் அறிக்கை இதை மூன்றாகப் பிரித்துக் காட்டியது. அரசின் அநியாயத்துக்கு வேதத்தில் ஆதாரம் தேடித் தருவது ஒன்று. ஒடுக்கியவரையும் ஒடுக்கப்பட்டவரையும் ஒரே தராசில் வைத்து, சமாதானமாகப் போங்கள் என்று பொதுப்படையாகப் புத்தி சொல்வது இரண்டாவது. தீர்க்கதரிசிகளைப் போல இன்ன அநியாயம், இன்னார் செய்வது என்று பெயர் சொல்லிக் கண்டிப்பது மூன்றாவது. நம்மில் முதல் வகையினர் குறைவு. இரண்டாவதில்தான் பெரும்பாலோர் இருக்கிறோம். அதற்கு நடுநிலை என்று பெயரும் வைத்திருக்கிறோம்.

நடுநிலைக்கு ஆதாரமாக எப்போதும் எடுத்துவைக்கப்படுவது வரிக்காசுச் சம்பவம். இராயனுக்கு வரி கொடுக்கலாமா என்று இயேசுவை மடக்கக் கேட்டார்கள். காசைக் காட்டச் சொல்லி, அதில் யார் உருவம் என்று கேட்டார். இராயன் உருவம் என்றார்கள். அப்படியானால் அவனுடையதை அவனுக்கும் கடவுளுடையதைக் கடவுளுக்கும் கொடுங்கள் என்றார். இதை வைத்து, உலகம் இராயனுக்கு, கோயில் கடவுளுக்கு என்று நாம் பாகம் பிரித்துக்கொண்டோம். ஆனால் அவர் கேட்டது உருவத்தைப் பற்றி. காசில் இராயன் உருவம் இருக்கிறது, சரி; கடவுளின் உருவம் எதில் இருக்கிறது? வேதத்தின் முதல் அதிகாரமே பதில் சொல்கிறது: மனிதனில். ஆணும் பெண்ணுமாக, எந்த நிறமும் குலமும் குறிப்பிடப்படாமல் படைக்கப்பட்ட மனிதனில். எனவே காசை இராயனுக்குக் கொடுக்கலாம். மனிதனைக் கொடுக்க முடியாது. வரி கட்டலாம், சாலை விதிக்குக் கட்டுப்படலாம், அதிகாரிக்குரிய மரியாதையைத் தரலாம். ஆனால் ஒரு அரசு மனிதரின் தலையில் பென்சிலைச் செருகி, நீ இவ்வளவுதான் என்று எழுதத் தொடங்கினால், அது தனக்கு உரிமையில்லாத இடத்தில் கைவைக்கிறது. அப்போது பேசுவது சபையின் விருப்பத்தைப் பொறுத்ததல்ல. அது சபையின் கடமை.

அப்படியானால் எல்லை எது? இந்தக் கேள்விக்கு அங்கிலிக்கன் பேராயர் டெஸ்மண்ட் டுட்டுவின் வாழ்க்கையில் பதில் இருக்கிறது. 1985 ஜூலையில் துதுசா என்ற ஊரில், போலீசுக்கு உளவு சொன்னதாகச் சந்தேகிக்கப்பட்ட ஒருவரைக் கூட்டம் அடித்து எரிக்கப் பார்த்தது. கூட்டத்தினர் டுட்டுவின் சொந்த ஜனங்கள்; அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனாலும் பேராயர் உள்ளே புகுந்து அந்த மனிதரை மீட்டார். அவர் அதுவரை யாருக்காகப் பேசினாரோ, அவர்களுக்கு எதிராகவே அன்று நின்றார். 1990இல் விடுதலை இயக்கங்கள் மீதான தடை நீங்கி நெல்சன் மண்டேலா சிறையிலிருந்து வெளியே வந்தபோது, அங்கிலிக்கன் குருமார் எந்தக் கட்சியிலும் உறுப்பினராக இருக்கக் கூடாது என்ற முடிவு டுட்டுவின் தலைமையில் எடுக்கப்பட்டது. வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, பதவிகள் காத்திருந்தன. அந்த நேரத்தில் விலகி நின்றார்கள். 1994இல் புதிய ஆட்சி வந்தபின், மக்கள் பிரதிநிதிகள் தங்களுக்கே பெரிய சம்பளம் வைத்துக்கொண்டதை டுட்டு வெளிப்படையாகக் கண்டித்தார். அவர் தலைமையேற்ற உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் அறிக்கை 1998இல் வெளிவந்தபோது, புதிதாக ஆட்சிக்கு வந்திருந்த ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் செய்த மனித உரிமை மீறல்களும் அதில் இருந்தன. அதைத் தடுக்கக் கட்சி நீதிமன்றம் போயிற்று. ஆனால் அறிக்கை வெளியாவது நிற்கவில்லை.

மலானும் டுட்டுவும் சபையின் ஊழியர்களே. இருவரும் அரசியலுக்குள் வந்தவர்களே. மலான் தன் ஜனத்துக்கு அதிகாரம் தேடி வந்தார். அதிகாரம் கிடைத்ததும் வேதம் அதற்குக் காவல்காரனாயிற்று. டுட்டு மிதிபடுகிறவர்களுக்காக வந்தார். மிதிபட்டவர்கள் அரியணை ஏறியதும் அவர்களையும் கேள்வி கேட்டார். மக்கள் தம்மை ராஜாவாக்கப் பிடிக்க வருகிறார்கள் என்று அறிந்து இயேசு மலைக்கு ஒதுங்கிப்போனதை யோவான் எழுதியிருக்கிறார். அதே இயேசுதான் தேவாலயத்தில் காசுக்காரரின் மேசைகளைக் கவிழ்த்தவர். அரியணையை மறுக்கவும் அநியாயத்தை எதிர்க்கவும் ஒரே மனதுதான் வேண்டும். முதலாவதைச் செய்யாதவரால் இரண்டாவதை நேர்மையாகச் செய்ய முடியாது.

இதைத் தூரதேசக் கதையென்று தமிழ்க் கிறிஸ்தவர் கேட்டுவிட்டுப் போக முடியாது. சிலருடைய பலவீனத்துக்காக மேசையைப் பிரித்த சபை கேப் பகுதியில் மட்டுமா இருந்தது? நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் தேவாலயத்துக்குள்ளேயே சாதியைப் பிரிக்கும் சுவர் இருந்தது. 1910இல்தான் அது இடிக்கப்பட்டது. இன்றும் எத்தனை ஊர்களில் கல்லறைத் தோட்டம் சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கிறது? 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறிஸ்தவருக்குப் பட்டியல் சாதி உரிமை மறுக்கப்படுகிறது என்று நாம் அரசிடம் முறையிடுகிறோம். முறையிட வேண்டியதுதான், அது நியாயமான கோரிக்கை. ஆனால் அதே மக்களின் உரிமையை நம் கல்லறைத் தோட்டத்திலும் சபைத் தேர்தலிலும் மறுக்கிற வரை, அந்த முறையீட்டுக்கு எவ்வளவு பலம் இருக்கும்?

1990 நவம்பரில் ரஸ்டன்பர்க்கில் தென்னாப்பிரிக்கச் சபைகள் கூடியபோது, டச்சுச் சீர்திருத்தச் சபையின் இறையியல் பேராசிரியர் வில்லி யோங்கர் எழுந்து, இனஒதுக்கலில் தன் பங்கையும் தன் சபையின் பங்கையும் பாவமென்று அறிக்கையிட்டார். டுட்டு எழுந்து அதை ஏற்றுக்கொண்டார். 1857இல் வழுவிய சபையிலிருந்து இப்படியொரு குரல் எழ 133 ஆண்டுகள் ஆயின. அதற்குள் எத்தனை பேர் வீடிழந்தார்கள், எத்தனை பேர் சிறையில் செத்தார்கள் என்பதை அந்த அறிக்கை திருப்பித் தந்துவிடாது. தாமதமான மனந்திரும்புதலும் மனந்திரும்புதல்தான். ஆனால் அதன் விலையை மற்றவர்கள் கட்டுகிறார்கள்.

ஆகவே, விசுவாசம் அரசியலில் தலையிடலாமா என்று இனி நாம் கேட்க வேண்டாம். அது ஏற்கெனவே தலையிட்டிருக்கிறது. நாம் பேசும்போது ஒருவர் பக்கம் நிற்கிறோம், பேசாதபோது இன்னொருவர் பக்கம் நிற்கிறோம். ஆயர்களே, வேட்பாளருக்குப் பொன்னாடை போர்த்துவதை நிறுத்துங்கள். ஒருவரை மனிதராக மதிக்காத சட்டத்தையும் வழக்கத்தையும் பீடத்திலிருந்து பெயர் சொல்லிக் கண்டியுங்கள். விசுவாசிகளே, கட்சி எதுவாக இருந்தாலும் உங்கள் ஓட்டு யாரை மிதிக்கும் என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். எல்லாவற்றுக்கும் முதலில், உங்கள் சபையின் மேசையிலும் கல்லறையிலும் சுவர் இருந்தால் அதை இடியுங்கள். அங்கே தொடங்காத அரசியலை யாரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது.