வழி யாருக்குச் சொந்தம்?

வெள்ளவத்தையில் வாகனம் ஓட்டப் பழக்குபவன் நான். புதிதாக வருகிற பிள்ளைகள் தவறாமல் கேட்பார்கள்: “சேர், ரைட் ஒஃப் வே ஆருக்கு?”

“ஒருத்தருக்கும் இல்லை, தம்பி” என்பேன்.

பிரித்தானியரின் வீதி ஒழுங்கு நூலான ‘ஹைவே கோட்’ முதலில் வெளிவந்தது 1931இல். தன் விதிகள் எந்த நிலையிலும் எவருக்கும் வழியுரிமை தருவதில்லை என்று அதன் இன்றைய பதிப்பு வெளிப்படையாகவே சொல்கிறது. எப்போது மற்றவருக்கு வழி விடவேண்டும் என்பதைத்தான் அது கற்பிக்கிறது. வழி நம் உடைமை இல்லை. இன்னொருவர் விட்டால்தான் அது உண்டு.

லிப்டன் சுற்றுவட்டத்தில் இதைக் கண்முன்னே காட்டலாம். நுழைபவர், வலப்புறமிருந்து வருபவருக்கு விட்டுத்தான் நுழையவேண்டும். பிரித்தானியாவில் இது பொது விதியானது 1966இல். அதற்கு முன், எல்லோரும் முண்டியடித்து நுழைவார்கள். உள்ளே இருப்பவர் வெளியேற முடியாமல் வட்டமே இறுகிப்போகும். நுழைபவர் பொறுக்கப் பழகியதும் எல்லோருக்கும் வழி பிறந்தது.

ஆனால் ‘விலகு’ என்ற சொல்லில் நஞ்சும் உண்டு. நம் சமூகம் காலங்காலமாக ஒரே மனிதர்களைத்தான் ஒதுங்கச் சொன்னது. கேரளத்து வைக்கத்தில், தீண்டத்தகாதவரென்று ஒதுக்கப்பட்டவர்கள் கோயிலைச் சுற்றிய வீதிகளில் நடப்பதற்கே 1924இல் சத்தியாக்கிரகம் செய்யவேண்டியிருந்தது. காசியில் எதிர்ப்பட்ட சண்டாளரைச் சங்கரர் விலகச் சொன்னாராம். எது விலகவேண்டும், உடம்பா ஆன்மாவா என்று அவர் திருப்பிக் கேட்டார். அவரைக் குருவாக ஏற்றுச் சங்கரர் பாடியதே மனீஷா பஞ்சகம் என்பர். வந்தவர் சிவபெருமான் என்று மரபு சொல்கிறது. வெறும் மனிதராகவே இருந்திருந்தாலும் அந்தக் கேள்வியின் கனம் குறையாது.

ஆகவே, யார் யாருக்கு விடுவது என்பதில்தான் அறம் இருக்கிறது. 2022இல் ஹைவே கோட் இதற்கு ஒரு விடையைச் சேர்த்தது: அதிகத் தீங்கு செய்யக்கூடியவருக்கே அதிகப் பொறுப்பு. பிறப்பைக் கேட்காமல், பணத்தைக் கேட்காமல், கையிலுள்ள வலிமையை மட்டும் கேட்கிற விதி இது. இதைவிட நேரான தர்மம் எனக்குத் தெரியவில்லை.

செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு ஆடிவேல் ரதம் வரும்போது காலி வீதியில் மனமுவந்து ஒதுங்குகிறோம். அதே வீதியின் மஞ்சள் கடவையில், மரக்கறிப் பையோடு நிற்கும் வயதான அம்மாவுக்கும் அதே மனதோடு பிரேக்கை மிதிக்கவேண்டும். அதைச் செய்யாத பிள்ளைக்கு லைசென்ஸ் கிடைத்தாலும், ஓட்டப் பழகிவிட்டான் என்று நான் சொல்லமாட்டேன்.