ஐந்து கொக்கிகள்

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் எல்லோருக்கும் வேண்டுதல் ஒன்றுதான். யாருக்கும் பாரமில்லாமல், நடமாட்டத்தோடு போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அம்மா விளக்கேற்றும்போது அதை வாய்விட்டே சொல்வாள். ஐம்பதைத் தாண்டியதும் நானும் சொல்லத் தொடங்கினேன். பிள்ளைகள் மேல் உள்ள அக்கறைதான் அப்படிச் சொல்ல வைக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். எலிசபெத் ஸ்ட்ரௌட் எழுதிய ‘ஆலிவ் கிட்டரிட்ஜ்’ நாவலைப் படித்த பிறகு அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது.

2008இல் வெளிவந்து, மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்ற நாவல். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துக் கடலோரத்தில் கிராஸ்பி என்றொரு கற்பனைச் சிற்றூர். அந்த ஊரைச் சுற்றி 13 கதைகள். ஆலிவ் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். பெரிய உடம்பு, வெடுக்கென்ற பேச்சு. மருந்துக்கடை நடத்தும் கணவன் ஹென்றி எல்லோரிடமும் இன்முகம் காட்டுபவர்; அந்த இன்முகமே அவளுக்கு எரிச்சலூட்டும். ஒரே மகன் கிறிஸ்டோபர் மேல் உயிரையே வைத்திருக்கிறாள். அந்தப் பிரியம் அவனுக்குப் போய்ச் சேருவதோ ஏச்சாகவும் கோபமாகவும்தான். அவன் கல்யாணத்தன்று, தான் பார்த்துப் பார்த்துத் தைத்துப் போட்ட உடையை மருமகள் கேலி பேசுவது அவள் காதில் விழுகிறது. உடனே மருமகளின் அலமாரியைத் திறந்து ஒரு ஸ்வெட்டரில் கறுப்பு மையால் கோடு இழுக்கிறாள். ஒற்றைச் செருப்பைத் திருடிக்கொண்டு வந்துவிடுகிறாள். ஜோடியை விட்டுவிட்டு ஒற்றையை மட்டும். ஒரு மனது எவ்வளவு வலித்திருந்தால் அப்படிச் செய்யத் தோன்றும்!

இதே ஆலிவ்தான், சாகும் எண்ணத்தோடு ஊர் திரும்பிய பழைய மாணவனின் காரில், யாரும் கூப்பிடாமலே ஏறி உட்கார்ந்து அவனிடம் பேச்சுக் கொடுக்கிறாள். சாப்பிட மறுத்து எலும்பும் தோலுமாகிவிட்ட ஒரு பெண்ணைப் பார்த்துக் கண்ணீர் விடுகிறாள். கொடுக்க அவளுக்குத் தெரியும். வாங்கத்தான் தெரியாது.

என்னை உலுக்கியது நியூயார்க்கில் நடக்கும் கதை. கிறிஸ்டோபருக்கு இப்போது இரண்டாவது மனைவி, அவள் பிள்ளைத்தாய்ச்சி. ஒத்தாசைக்கு வரச் சொல்லி மகனே கூப்பிட்டதில் பூரித்துப்போய் ஆலிவ் கிளம்பி வருகிறாள். ஒருநாள் எல்லோருமாக ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். பிறகு கண்ணாடியில் பார்த்தால் சட்டையின் முன்பக்கத்தில் இனிப்புக் குழம்பு ஒழுகிய கறை. மகனும் மருமகளும் பார்த்திருப்பார்கள். பார்த்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முன்பு ஒரு கிழட்டு உறவுக்காரியின் மேல் ஐஸ்கிரீம் ஒழுகியபோது தான் அருவருத்தது அவளுக்கு நினைவு வருகிறது. அந்த இடத்துக்கு இப்போது தானே வந்துவிட்டோம் என்பது சுடுகிறது. ஊருக்குப் புறப்படுகிறேன் என்று குதிக்கிறாள். மகன் கெஞ்சவில்லை. விமான நிலையச் சோதனையில் செருப்பைக் கழற்றச் சொல்ல, முடியாது என்று நின்றுவிடுகிறாள். உள்ளே காலுறை கிழிந்திருக்கிறது. அந்தக் கிழிசலை யாரும் பார்த்துவிடக் கூடாது.

அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அதற்கு முந்தைய வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து என் வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. மாவுக்கட்டு போட்டார்கள். சாதம் பிசைய முடியாது, கரண்டி போதும். தலை வார முடியாது, அள்ளி முடிந்துகொள்ளலாம். ஜாக்கெட் கொக்கிதான் பெரும்பாடு. இடது கையால் ஒரு கொக்கியை மாட்டுவதற்குள் வேர்த்துக் கொட்டும். மருமகள் அடுத்த அறையில்தான் இருந்தாள். மூன்று நாள் நைட்டியோடு கிடந்தேன். நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தபோது இரண்டு ஊக்கைக் குத்திக்கொண்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். ஒரு ஊக்கு மார்பில் குத்தி ரத்தம் கசிந்ததை வீட்டுக்கு வந்த பிறகு மருமகள் பார்த்தாள். “ஏன் அத்தை, என்னக் கூப்பிட்டா என்ன?” என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. கன்னத்தில் அறை வாங்கிய மாதிரி முகம் சிறுத்துவிட்டது. அவளுக்குச் சிரமம் வேண்டாம் என்றுதான் கூப்பிடவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். பொய். தளர்ந்த உடம்பை இன்னொருத்தி பார்ப்பதை என்னால் சகிக்க முடியவில்லை. அவள் பிரசவத்துக்குப் பின் நான்தான் வேதுக்குளியல் செய்து, வயிற்றுக்குத் துணி கட்டிவிட்டேன். அவள் கூச்சத்தை நான் பொருட்படுத்தியதே இல்லை. செய்கிறவள் என்ற இடம் எனக்கு அவ்வளவு வசதியாக இருந்திருக்கிறது.

ஹென்றி பக்கவாதத்தில் விழுந்து, பேச்சும் பார்வையும் போய், பின்பு இறந்தும் போகிறார். அதன் பிறகு ஆற்றங்கரைப் பாதையில் விழுந்து கிடந்த ஜாக் கென்னிசன் என்பவரை ஆலிவ் சந்திக்கிறாள். மனைவியை இழந்தவர், ஹார்வர்டில் பேராசிரியராக இருந்தவர். அவளுக்குப் பிடிக்காத கட்சிக்கு ஓட்டுப் போட்டவர். பெண்ணையே துணையாகக் கொண்ட சொந்த மகளை ஏற்காதவர். இளமையில் என்றால் அவரோடு பேசியிருக்கவே மாட்டாள். கடைசிக் கதையில் பெருத்துத் தளர்ந்த உடம்போடு அவர் அருகில் படுத்து, நெஞ்சில் கை வைத்துத் துடிப்பை உணர்கிறாள். ஆலிவ் திருந்திவிட்டாள் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாய்த்துடுக்கு அப்படியேதான் இருக்கிறது. கிழிந்த காலுறையைக் காட்ட மறுத்தவள் அன்று மறைத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவு’க்கு அவளுக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிவிட்டது.

போன தை மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மணிக்கட்டு கூடிவிட்டாலும் குளிர்காலத்தில் விரல் மடங்க மறுக்கிறது. பட்டு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, “இங்க கொஞ்சம் வாயேன்” என்று கூப்பிட்டேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. மருமகள் வந்து, எதுவும் பேசாமல், கீழிருந்து ஒவ்வொன்றாக ஐந்து கொக்கியையும் மாட்டிவிட்டாள். அவள் விரல் ஜில்லென்று இருந்தது. கிளம்பும்போது வாசல்படியில் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

“இருங்க அத்தை. கழுத்துல பவுடர் திட்டுத்திட்டா நிக்குது.”

தன் முந்தானை நுனியால் துடைத்துவிட்டாள். கழுத்தைச் சாய்த்துக் காட்டிக்கொண்டு நின்றேன்.