விலை கேட்காத கைகள்

எட்டாத பொருளிடம் மனிதனுக்கு அச்சம் உண்டு. எட்டிய பொருளிடம் அலட்சியம் உண்டு. இமயத்தில் ஏறப் புறப்படுகிறவன் பல மாதங்கள் பயிற்சி செய்கிறான்; வீட்டாரிடம் நெஞ்சம் கலங்கி விடைபெறுகிறான். வீட்டுச் சன்னலிலிருந்து தெரியும் மலைக்குப் போகிறவனோ, மாலைக் காப்பிக்குத் திரும்பிவிடுவதாகச் சொல்லிக்கொண்டு கிளம்புகிறான். பனிக்கு இந்த வேற்றுமை தெரியாது.

கனடா நாட்டின் மேற்குக் கரையில் வான்கூவர் என்ற நகரம் இருக்கிறது. அதன் வடக்கே, கடற்கழியைத் தாண்டியதும், சைப்ரஸ், கிரவுஸ், சீமோர் என்று மலைகள் வரிசையாக நிற்கின்றன. சீமோரின் உயரம் 1,449 மீட்டர். குளிர்காலத்தில் நகரத்தில் தூறும் மழை, மேலே பனியாக விழுகிறது. காரில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் மழையை விட்டுப் பனிக்குப் போய்விடலாம். விடுமுறை நாள்களில் மக்கள் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். குழந்தைகள் பனியில் உருண்டு விளையாடுகிறார்கள். வாரமெல்லாம் கூரையின் கீழே உழைத்தவர்கள் ஒரு நாள் வெண்மையைக் கண்டு களிப்பதில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

ஆனால் அங்கே டிசம்பர் மாதத்தில் மாலை நாலேகால் மணிக்கே சூரியன் மறைந்துவிடுகிறது. பாதை பனியில் மூடிப் போகிறது. நகரத்துச் சட்டையும் நகரத்துச் செருப்பும் நனைந்து, உடலின் சூடு சிறிது சிறிதாகக் கழிகிறது. வழி தவறியவன் கீழே பார்க்கிறான். நகரத்து விளக்குகள் மின்னுகின்றன. விளக்கு இருக்கும் திசையில் இறங்கினால் வீடு வந்துவிடும் என்று நினைக்கிறான். அந்த இறக்கமோ ஓடைகளிலும் செங்குத்துப் பாறைகளிலும் கொண்டுபோய் விடுகிறது. லட்சக்கணக்கான மனிதர்களின் விளக்குகளைப் பார்த்துக்கொண்டே ஒருவன் தனிமையில் விறைத்துப் போக முடியும். அருகில் இருப்பது என்பதற்கு அங்கே பொருளே இல்லை.

அப்படிப்பட்டவனைத் தேடிப் போவதற்கென்று சிலர் இருக்கிறார்கள். 'வட கரை மீட்புக் குழு' 1965ஆம் ஆண்டில், நாட்டுக்குப் பேராபத்து வந்தால் உதவுவதற்கென்று தொடங்கப்பட்டது. நாளடைவில் மலையில் தவறியவர்களைத் தேடுவதே அதன் முதல் வேலையாகிவிட்டது. ஆண்டுக்கு நூறு தடவைக்கு மேல் அழைப்பு வருகிறது. குழுவினர் சம்பளம் வாங்குவதில்லை. பகலில் வேறு தொழில் செய்து பிழைப்பவர்கள், இரவில் கயிறும் விளக்கும் எடுத்துக்கொண்டு மலையேறுகிறார்கள். மீட்கப்பட்டவனிடம் ஒரு காசும் கேட்பதில்லை.

இங்கேதான் கேள்வி எழுகிறது. எச்சரிக்கைப் பலகையைப் பார்த்தும் வேலியைத் தாண்டிப் போனவனுக்காக, ஒரு பாவமும் அறியாத மற்றொருவன் ஏன் உயிரைப் பணயம் வைக்க வேண்டும்? செலவையாவது அவன் கட்டவேண்டாமா?

இந்தக் கேள்வியை அற்பம் என்று தள்ள முடியாது. அமெரிக்காவில், பாஸ்டன் நகரத்து மக்கள் காரில் போய்வரும் தூரத்தில் உள்ளது நியூ ஹாம்ஷயர் மாநிலம். அங்கே கவனக்குறைவால் சிக்கியவனிடமிருந்து மீட்புச் செலவை வாங்கலாம் என்று சட்டமே இருக்கிறது. 2015 முதல் 25 டாலர் கொடுத்து ஓர் அட்டை வாங்கிக்கொள்ளவும் வசதி செய்திருக்கிறார்கள். அட்டை உள்ளவன் வெறும் கவனக்குறைவுக்குச் செலவு கட்ட வேண்டியதில்லை. துணிந்து செய்த பெரும் பிழைக்குக் கட்டியே தீரவேண்டும். வெளியூரார் விளையாட்டுக்கு உள்ளூரார் ஏன் வரி கட்டவேண்டும் என்று அந்தச் சிறிய மாநிலம் நினைத்தால், அதில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

ஆயினும் வான்கூவர்க்காரர்களின் விடையில் அனுபவத்தின் கனம் இருக்கிறது. பணம் கேட்பார்கள் என்ற அச்சம் இருந்தால், வழி தவறியவன் உதவி கேட்கத் தயங்குவான்; இன்னும் சற்று நடந்து பார்ப்போம் என்பான். மூன்று மணிக்கு வரவேண்டிய அழைப்பு ஒன்பது மணிக்கு வரும். அதற்குள் இருட்டிவிடும், பனி வலுத்துவிடும், அவனுக்கு மட்டுமல்ல, தேடிப் போகிறவர்களுக்கும் ஆபத்து பெருகிவிடும். நம் ஊரில் நீச்சல் தெரியாதவன் கிணற்றில் விழுந்தால், ஏன் இறங்கினாய் என்று கேட்டுவிட்டா கயிறு போடுகிறோம்? விசாரணைக்குக் காலம் உண்டு. அது கரையேறிய பிறகு.

இதனால் குற்றம் இல்லாமல் போய்விடுமா? இல்லை. விலை இல்லை என்றால் கடனும் இல்லை என்று எண்ணுவதுதான் பெரும் பிழை. கடைக்காரனுக்குக் காசைக் கொடுத்ததும் கணக்குத் தீர்ந்துவிடுகிறது. விலை கேட்காதவனுடைய கணக்கு அப்படித் தீர்வதில்லை. அந்தக் குழுவின் தலைவராக நெடுங்காலம் இருந்தவர் டிம் ஜோன்ஸ். 2014 ஜனவரியில், சீமோர் மலையில் உள்ள குழுவின் குடிலிலிருந்து இறங்கி வரும்போது மாரடைப்பால் காலமானார். வயது 57. எத்தனையோ பேரை வீடு சேர்த்தவருக்கு அந்த மலைப் பாதையே கடைசிப் பாதை ஆயிற்று. அவர் செலவிட்ட இரவுகளுக்கு எந்த நாணயத்தில் விலை போடுவது?

அந்தக் கடனைத் தீர்க்க ஒரே வழி உண்டு. அதைப் புறப்படுவதற்கு முன்பே தீர்க்கவேண்டும். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது. விளக்கும் கம்பளி உடையும் எடுத்துக்கொள்வது. பனிச்சரிவு பற்றிய அறிவிப்பைப் படிப்பது. எல்லாவற்றையும்விடக் கடினமானது, சிகரம் கண்ணெதிரே தெரிந்தாலும், குறித்த நேரம் வந்ததும் திரும்பிவிடுவது. இவற்றைக் கோழையின் முன்னெச்சரிக்கை என்று இளைஞர்கள் சிரிக்கலாம். ஆனால் நமக்காக நள்ளிரவில் மனைவி மக்களை விட்டு எழுந்து வரக்கூடிய, முகம் தெரியாத ஒருவனுக்கு நாம் செய்யும் மரியாதை அது.

அவன் வரமாட்டான் என்றால் பயந்து கவனமாக இருப்போம். வருவான் என்று தெரிந்தபோதும் கவனமாக இருக்கிறோமா என்பதில்தான் நம் பண்பாடு இருக்கிறது.