ஐயத்திற்குரிய உணவும் ஈகையும்

2015 ஜூன் 4ஆம் நாள், காரீயம் வரம்பு மீறியுள்ளதெனக் கூறி, மாகி நூடுல்ஸ் விற்பனையைத் தமிழக அரசு மூன்று மாதங்களுக்குத் தடை செய்தது. மறுநாளே நாடெங்கும் அதனைத் திரும்பப் பெறுமாறு உணவுப் பாதுகாப்பு ஆணையம் பணித்தது. கடைச்சரக்கு திரும்பிற்று. காட்டூரில் நம் இல்லத்து அலமாரியில் ஐந்து பொட்டலங்கள் எஞ்சியிருந்தன.

குழந்தைகளுக்குக் கொடுக்க அஞ்சினோம். எறியவும் மனமில்லை; உணவன்றோ! வீட்டு வேலைக்கு வரும் அம்மாளிடம் கொடுத்துவிடலாம், இல்லையேல் பசுவுக்கு வைக்கலாம் என்றெண்ணினோம். வெட்கத்துடனேயே இதனை எழுதுகிறோம். நம் பிள்ளைக்கு ஆகாதது அவர் பிள்ளைக்கு எங்ஙனம் ஆகும்? நால்வகைத் தானங்களுள் ஆகாரத்தோடு அபயத்தையும் வைத்தனர் நம் ஆசாரியர்கள். அச்சத்தையும் சேர்த்துக் கொடுப்பது எந்தத் தானத்தில் அடங்கும்? குப்பையில் கொட்டினாலோ மாடும் எறும்பும் தேடி வரும். இறுதியில், வாங்கிய கடையிலேயே ஒப்படைத்தோம். அவ்வாறு திரும்பியவை சிமெண்ட் ஆலை உலைகளில் எரிக்கப்பட்டன.

ஆகஸ்ட் 13ஆம் நாள் மும்பை உயர்நீதிமன்றம் அத்தடை ஆணைகளை நீக்கி மறுசோதனைக்கு உத்தரவிட்டது. காரீயம் வரம்புக்குள்ளேயே இருந்தது. நவம்பரில் விற்பனை மீண்டது. "அந்த அம்மாளுக்கே கொடுத்திருக்கலாமே, வீணாயிற்றே" என்றனர் இல்லத்தார்.

அமிர்தசந்திராசாரியார் புருஷார்த்த சித்தியுபாயத்தில் இதற்கு விடை வைத்துள்ளார். பிற உயிர் மடியினும் மடியாவிடினும், கவனமின்றி இயங்குவோனை இம்சை சேர்ந்தே தீரும் என்பது அவர் கருத்து. ஆய்வுக்கூட முடிவு நவம்பருக்கு முன் வந்தது. நாம் எண்ணியதோ ஜூனில், நஞ்சென்று நம்பிய பொழுதில். அந்த அம்மாள் இதனை அறியார்.