தாயத்தே தேவலை

பெண்ணாடம் கடைத்தெருவில் மாலை நேரம். “அண்ணே, சளி விடமாட்டேங்குது, அந்த செஃபிக்ஸிம் நாலு குடுங்க.” கடைக்காரர் சீட்டு கேட்கவில்லை. அட்டையின் முதுகில் ஓடும் சிவப்புக் கோட்டோடு சேர்த்து நாலு மாத்திரையைக் கத்தரித்துத் தருகிறார். வாங்குபவர் கறுப்புச் சட்டைக்காரர். யார் கையிலாவது தாயத்தைப் பார்த்துவிட்டால் அரை மணி நேரம் வகுப்பெடுப்பார்.

சாதாரணச் சளி வைரஸால் வருவது. அந்த மாத்திரை பாக்டீரியாவை மட்டுமே கொல்லும். அப்படியானால் அவர் வாங்கியது என்ன? அதுவும் தாயத்துதான். ஒரு வித்தியாசம், தாயத்து கட்டியவர் ஏமாறுவது அவரோடு போயிற்று. இவர் விழுங்கியதில் குடலில் மருந்துக்கு மசியும் பாக்டீரியாக்கள் செத்து, மருந்தை எதிர்க்கும் மரபணு கொண்டவை கொழிக்கும். பிளாஸ்மிட் என்னும் டிஎன்ஏ வளையத்தில் அந்த மரபணு இருந்தால், பக்கத்து பாக்டீரியாவுக்கும் கைமாறும். கழிவோடு ஊருக்குள்ளும் வரும்.

எதிர்ப்பு மரபணுக்களை ஒட்டி பாக்டீரியாவுக்குள் ஏற்றும் வேலையை மனிதன் ஆய்வகத்தில் செய்தது 1973இல். ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் போயரும் டெட்ராசைக்ளினை எதிர்க்கும் துண்டையும் கனமைசினை எதிர்க்கும் துண்டையும் ஒட்டி ஈ.கோலை என்னும் பாக்டீரியாவுக்குள் செலுத்தினார்கள். இரண்டு மருந்தும் கலந்த தட்டில் அது வளர்ந்தது. மறு ஆண்டே பால் பெர்க் தலைமையில் விஞ்ஞானிகள், கோஹனும் போயரும் உட்பட, ஒரு கடிதம் வெளியிட்டார்கள்: எதிர்ப்பு மரபணு இல்லாத பாக்டீரியாவுக்குப் புதிதாக அதை ஏற்றும் சோதனைகளை இப்போதைக்கு நிறுத்துவோம். 1975 பிப்ரவரியில் அசிலோமாரில் கூடி விதிகளும் வகுத்தார்கள். மரபணுவை ஒட்டுபவன் என்றாலே நமக்குக் குலை நடுங்குகிறது. அவனோ தன் கையைத் தானே கட்டிக்கொண்டவன்.

நாம்? 2010இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்ட ஆய்வு, கடைசிப் புகலிடமான கார்பபெனெம் மருந்துகளையும் முறிக்கும் என்டிஎம்-1 மரபணு இங்கே பரவியிருப்பதைச் சொன்னது. நாடு கொதித்தது, பெயரில் ‘நியூ டெல்லி’ இருக்கிறதே என்று! மறு ஆண்டு வெளியான ஆய்வின்படி, டெல்லியில் எடுத்த 50 குழாய்நீர் மாதிரிகளில் இரண்டிலும், தெருவில் தேங்கிய நீர் 171இல் 51இலும் அந்த மரபணு இருந்தது.

சட்டம் இல்லாமலில்லை. 2014 மார்ச் முதல், சீட்டோடு மட்டுமே விற்க வேண்டிய எச்1 பட்டியல் மருந்தை விற்றால் மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். செஃபிக்ஸிம் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

தோழர்களே, சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் கேட்காதீர்கள். கடைக்காரர் தானாக நீட்டினாலும் வாங்காதீர்கள்.