குதிரைக்கு லாடம் அடிப்பது ஹிம்சையாகுமா?

சென்ற வைகாசிப் பௌர்ணமியன்று உபதேசம் முடிந்து யாவரும் கஞ்சி அருந்திக்கொண்டிருக்கையில், இளம் உபாசகர் ஒருவர் நம்மை அணுகி, "ஐயா, குதிரையின் காலில் ஆணி அடிப்பது முதற்சீலத்துக்கு மாறுபட்டதா?" என்று வினவினார். அவர் பெங்களூருக்கு வடக்கே குதிரையேற்றம் கற்பிக்கும் ஓரிடத்தில் குதிரைகளைப் பேணும் வேலையில் இருப்பவர். அவ்விடத்து உரிமையாளர் இரண்டு மாதங்களுக்கு முன்னர் தம் ஆறு குதிரைகளின் லாடங்களையும் ஒரே நாளில் கழற்றச் செய்தாராம். காட்டுக்குதிரைக்கு லாடம் அடித்தவர் யார் என்பது அவருடைய வாதம். ஆறில் நான்கு நலமாக நடக்கின்றன. இரண்டோ சரளைக்கல்லில் கால் வைக்க அஞ்சி நொண்டுகின்றன. "அடித்தாலும் துன்பம், கழற்றினாலும் துன்பம் என்றால் தம்மம் எது?" என்றார்.

உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. குதிரையை நாம் அறிந்ததெல்லாம் இளமையில் சிவாஜி நகரில் நின்ற ஜட்கா வண்டிகளில்தாம். மாட்டுக்கு லாடம் கட்டுவதைக் கண்டிருக்கிறோம். கயிறிட்டு வீழ்த்தி, நான்கு கால்களையும் பிணைத்து, அது கண் பிதுங்கக் கிடக்கையில் அடிப்பார்கள். அக்காட்சியை வைத்துத் தீர்ப்புக் கூறின் ஹிம்சை என்றே கூறியிருப்போம். ஆயினும் அறியாததைப் பற்றித் தீர்ப்புக் கூறுவது தகாதாகலின், அவகாசம் கேட்டுக்கொண்டு, சில கால்நடை மருத்துவர்களை வினவியும் நூல்களைப் படித்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகின்றோம்.

குதிரையின் குளம்பு நம் நகத்தை ஒத்த பொருளால் ஆனது. வெளிச்சுவருக்கு உணர்ச்சி கிடையாது. கைதேர்ந்தவன் அச்சுவரின் வழியே ஆணியை வெளியே வாங்குவானாயின் குதிரைக்கு நோவதில்லை. ஆணி சற்றே உட்புறம் சென்றால் உயிருள்ள தசையைக் குத்தும், அன்றே நொண்டும். குளம்பின் அடியில் ஆப்பு வடிவில் மெத்தை போன்றதொரு பகுதி உண்டு. ஆங்கிலத்தார் ஏனோ அதற்குத் தவளை என்று பெயரிட்டிருக்கிறார்கள்! கால் ஊன்றும்போது குளம்பின் பின்பகுதி சிறிது விரிந்து, எடுக்கும்போது சுருங்குகிறது. இரும்பை அறைந்துவிட்டால் அவ்வசைவு குறைகிறது என்பதே லாடத்தை மறுப்போரின் முதன்மையான காரணம். அதில் உண்மை இல்லாமலில்லை.

அமெரிக்காவில் லாடம் அடிக்கும் தொழிலாளராகிய ஜேமி ஜாக்ஸன் என்பவர் 1980களில் அந்நாட்டின் மேற்கிலுள்ள வறண்ட நிலத்துக் காட்டுக்குதிரைகளின் கால்களைக் கண்டு வியந்து, 1992இல் ஒரு நூல் வெளியிட்டார். அக்குளம்புகள் குட்டையாகவும், விளிம்பு மழுங்கி உருண்டும், பிளவின்றியும் இருந்தன. அவ்வாறே வீட்டுக்குதிரையின் குளம்பையும் அரத்தால் சீவி, இரும்பின்றி விடலாம் என்னும் கொள்கை அதிலிருந்து உலகெங்கும் பரவியது. நம் இளைஞரின் முதலாளியும் அவ்வழி வந்தவரே.

ஆனால் அக்காட்டுக்குதிரையின் காலைச் சீவியவர் யார்? நிலமும் நடையுமே. ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் திரியும் குதிரைகள் மேய்ச்சலுக்கும் நீருக்குமாக நாளொன்றுக்குச் சராசரியாக ஏறக்குறைய 16 கிலோமீட்டர் நடக்கின்றன என்று அந்நாட்டு ஆராய்ச்சியாளர் அளந்திருக்கின்றனர். கல்தரையில் வாழ்வனவற்றின் குளம்பு தேய்ந்து குட்டையாகிறது. மென்மணலில் வாழ்வனவற்றுக்கு நீண்டு அகல்கிறது. நியூஸிலாந்தில் கைமனாவா என்னும் மலைப்பகுதியின் காட்டுக்குதிரைகளைப் பற்றி 2010இல் வெளியான ஆய்வோ, அவற்றின் குளம்புகளில் குறைகள் மலிந்திருப்பதாகவும், அவற்றை முன்மாதிரியாகக் கொள்ளலாகாது என்றும் கூறிற்று. ஆகக் காட்டுக்குதிரையின் கால் என்று ஒரே கால் இல்லை. நிலத்துக்கு ஒரு காலாக இருக்கின்றது.

தமிழர் வாழும் நிலத்திலேயே இதற்குச் சான்று உண்டு. யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே கடலில் கிடக்கும் நெடுந்தீவில், போர்ச்சுகீசியரும் ஒல்லாந்தரும் வளர்த்த குதிரைகளின் வழிவந்த மட்டக்குதிரைகள் இன்றும் தன்னிச்சையாகத் திரிகின்றன. தீவு முழுதும் பவளக்கல், வேலிகளும் அக்கல்லே. கோடியக்கரையிலும் அத்தகைய குதிரைகள் உள்ளன. அவை மிதிப்பதோ உப்பங்கழியின் சேறு. இவ்விரண்டுக்கும் லாடம் அடிப்பார் இல்லை. நெடுந்தீவில் கோடை முற்றினால் அவை நீரின்றி மடிவதும் உண்டு. ஆணி அடிக்காதிருப்பது மட்டும் அவற்றின் துன்பத்தைப் போக்கிவிடாது என்பதையும் நினைவில் கொள்க.

இனி நாம் சொல்லத் தயங்கியதைச் சொல்கின்றோம். "இயற்கையாக விட்டால் கால் தானே உரமாகிவிடும்" என்று அந்த முதலாளி கூறியதாக இளைஞர் சொன்னபோது நம் உள்ளம் துணுக்குற்றது. இவ்வாக்கியத்தை நாம் முன்னமே கேட்டிருக்கிறோம். வட ஆர்க்காட்டில் நம் தந்தையார் ஊர்த்தெருவைக் கடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். ஏழு வயதில் நாம் காரணம் கேட்டோம். அவர் ஒன்றும் கூறவில்லை. திண்ணையிலிருந்த பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "உங்கள் காலுக்கு முள்ளும் தைக்காதடா" என்றார். தந்தையாரின் குதிகாலில் விரல் நுழையும் வெடிப்புகள் இருந்தன. முதலில் செருப்பைத் தடுத்தார்கள். பின்னர் அதனால் தடித்த தோலைக் காட்டி, இதுவே உங்கள் இயல்பு என்றார்கள். பெங்களூர் வந்து ஆலையில் முதற்சம்பளம் பெற்ற அன்று நாம் வாங்கிய முதற்பொருள் ஒரு ஜோடி செருப்பு. ஆகவே, வெறுங்காலே உயர்ந்தது என்று எவர் சொன்னாலும், சொல்பவர் காலில் என்ன இருக்கிறது என்று நம் கண் முதலில் பார்க்கிறது. இது நம் குறையாகவும் இருக்கலாம்.

புத்த பகவான் காலணியைப் பற்றி என்ன கருதினார்? சோணர் என்னும் செல்வந்தர் மகன் துறவு பூண்டு, நடைபாதை இரத்தத்தால் சிவக்கும்வரை நடந்து தவம் செய்தார். யாழ்நரம்பை மிகவும் இறுக்கலாகாது என்று பகவான் அவருக்கு உரைத்த உவமையை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதன்பின் வரும் செருப்பைத்தான் மறந்துவிடுகிறார்கள். மென்மையாக வளர்ந்தவராதலின் ஒற்றைத் தோலடுக்குள்ள செருப்பு அணியலாம் என்று பகவான் அவருக்கு அனுமதி தந்தார். பிக்குகள் அனைவருக்கும் தரின் அணிவேன், எனக்கு மட்டும் வேண்டா என்றார் சோணர். பகவான் அனைவருக்கும் தந்தார்.

பின்னொரு காலத்தில், அவந்தி நாட்டிலிருந்து வேறொரு சோணர் தம் குருவாகிய மகாகச்சானரின் விண்ணப்பத்தோடு வந்தார். எங்கள் தென்னாட்டு மண் கறுத்தது, கடினமானது, மாட்டுக் குளம்புகளால் மிதிபட்டுக் கரடானது. ஆகவே பல அடுக்குள்ள செருப்பு வேண்டும் என்பது அதிலொரு வேண்டுகோள். அதற்கும் பகவான் இசைந்தார். இன்று மாளவம் எனப்படும் அந்நிலத்தின் கரிசல் கோடையில் எவ்வாறு இறுகும் என்பதைக் கண்டவர் அறிவர். வெறுங்கால் புனிதம் என்றோ செருப்பு சுகபோகம் என்றோ அவர் விதி வகுக்கவில்லை. மண்ணைக் கேட்டார், காலைக் கேட்டார்.

குதிரைக்கு விண்ணப்பம் எழுதத் தெரியாது. நொண்டல்தான் அதன் விண்ணப்பம். இளைஞரிடம் நாம் கூறியது இதுவே: நலமாக நடக்கும் நான்கையும் வெறுங்காலாகவே விடலாம், ஆறு வாரத்துக்கு ஒரு முறையேனும் அறிந்தவரைக் கொண்டு குளம்பைச் சீவ வேண்டும், நாள் முழுதும் லாயத்தில் கட்டிவைத்துவிட்டு மாலையில் மட்டும் சரளையில் ஓட்டலாகாது. நொண்டும் இரண்டையும் உடனே மருத்துவரிடம் காட்டுக. மேலிருந்து புதுக்குளம்பு நுனிவரை இறங்க ஏறக்குறைய ஓராண்டு ஆகும்; அதுவரை அவை வலி பொறுக்க வேண்டும் என்று எந்தக் கொள்கையின் பேராலும் கட்டளையிட நமக்கு உரிமை இல்லை. ரப்பர்க் காலணிகளும் இப்போது கிடைக்கின்றன. தேவையாயின் லாடமே அடிக்கட்டும், கைதேர்ந்தவன் அடிக்கட்டும்.

முதலாளியிடம் இதைச் சொல்ல அவர் அஞ்சினார். வேலை போய்விடும் என்றார். அந்த அச்சத்தை ஆலையில் இருபதாண்டுகள் சுமந்தவர்களாதலின் நாம் அவரைக் கடிந்துகொள்ளவில்லை.

ஆவணிப் பௌர்ணமியில் மீண்டும் வந்தார். சொல்லிவிட்டாராம், இரண்டு நாள் பேசாதிருந்த முதலாளி, மூன்றாம் நாள் மருத்துவரை அழைத்தாராம். ஒரு கிழக்குதிரைக்கு முன்னங்கால்களில் மட்டும் லாடம் திரும்ப வந்துவிட்டது. மற்றது ரப்பர்க் காலணியோடு மணலில் நடக்கிறது. அதன் குளம்பில் மேலிருந்து ஏறத்தாழ ஓர் அங்குலம் புதிதாக இறங்கியிருப்பதைக் கைப்பேசியில் படமெடுத்து வந்து காட்டினார்.