பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய உண்மை

உண்மை பேச வேண்டும் என்பது பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்படும் முதல் அறம். தாய் தந்தையரைப் போற்ற வேண்டும் என்பது அதற்கு அடுத்த அறம். இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதுவது போலத் தோன்றும் இல்லங்களும் உண்டு. அங்கே எதைக் காப்பது, எதை விடுவது?

காலையில் மடியில் இருத்திக் கொஞ்சிய தாய், மாலையில் பிள்ளை சற்றுத் தாமதித்து வந்ததற்காக, 'நீயும் என்னை வெறுக்கிறாய்' என்று கதறுகிறாள். மறுநாள் எதுவுமே நடவாதது போல் இனிப்புச் செய்து ஊட்டுகிறாள். எட்டு வயதுப் பிள்ளை தந்தையிடம் கேட்கிறது: 'அப்பா, நான் என்ன தப்பு செய்தேன்?' இதற்குத் தந்தை என்ன விடை கூறுவது?

எல்லாச் சினமும் நோயாகிவிடாது. ஆனால் கைவிடப்படுவோமோ என்ற தீராத அச்சம், ஒருவரையே இன்று தெய்வமாகவும் நாளை பகைவராகவும் காணும் ஊசலாட்டம், அடக்கவியலாத கோபம், உள்ளத்தில் ஓயாத வெறுமை, தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் உந்துதல் போன்றவை நெடுங்காலமாக ஒருவரை ஆட்டிப்படைத்தால், அதனை 'பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸார்டர்' என்னும் ஆளுமைக் கோளாறாக மருத்துவர்கள் கருதக்கூடும். 1938-இல் அடால்ஃப் ஸ்டெர்ன் என்னும் உளப்பகுப்பாய்வாளர் இத்தகையோரைக் குறிக்க 'பார்டர்லைன்' என்ற சொல்லைக் கையாண்டார். 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் அது தனி நோயாக இடம்பெற்றது. பிறவி இயல்பும் வாழ்வில் நேர்ந்த துன்பங்களும் கலந்தே இதனை விளைவிக்கின்றன. இது ஆண்களுக்கும் வருவது. தீய குணமன்று, துன்பம்.

இந்நிலையில் பல தந்தையர் முதலில் தேர்வது மௌனம். 'ஒன்றுமில்லை, நீ போய்ப் படி' என்று சொல்லி முடித்துவிடுகின்றனர். நோக்கம் நல்லதே. ஆனால் சிறு பிள்ளை தன்னை நடுவில் வைத்தே உலகைப் புரிந்துகொள்கிறது. பெரியவர்கள் காரணம் கூறாவிடில், 'நான் கெட்ட பிள்ளை, அதனால்தான் அம்மா அழுகிறாள்' என்ற காரணத்தைத் தானே கற்பித்துக்கொள்ளும். கண்ணால் கண்டதை 'ஒன்றுமில்லை' என்று மறுத்துவிட்டால், தன் கண்ணையே நம்பாதிருக்கவும் அது பழகிவிடும். ஆகவே அந்த மௌனம் பொய்க்கு ஒப்பானது.

மற்றொரு வழி, மனக்கசப்பில் எல்லாவற்றையும் கொட்டிவிடுவது. 'உன் அம்மா பைத்தியம். அவளை நம்பாதே' என்பதும், நோயின் பெயரையே வசைச்சொல்லாக்குவதும் இவ்வகை. பிள்ளையைத் தன் பக்கம் இழுக்கவும், நீதிமன்ற வழக்கில் வெல்லவும் இவ்வாறு பேசுவோர் உண்டு. அசுவத்தாமன் என்ற யானை இறந்தது உண்மையே. எனினும் துரோணரின் மனத்தை முறிப்பதற்காகத் தருமபுத்திரன் அந்த உண்மையைப் பாதி மறைத்து உரைத்தான். அதுவரை நிலத்தைத் தொடாதிருந்த அவனது தேர் கீழிறங்கியது என்கிறது மகாபாரதம். செய்தி உண்மையாயினும் நோக்கம் கெட்டால் சொல் அறமாகாது. மேலும், பிள்ளை தாயின் கூறு. தாயை இகழும் சொல் பிள்ளையின் நெஞ்சில்தான் தைக்கும்.

அவ்வாறாயின் அறமான சொல் எது? கேட்பவர் தாங்கக்கூடியதும், அவருக்கு நன்மை தருவதுமான உண்மையே அது. 'அம்மாவின் மனத்தில் சில வேளைகளில் பெரிய புயல் எழுகிறது. அதற்கு நீ காரணமில்லை. அதை நிறுத்துவதும் உன் வேலையில்லை. பெரியவர்கள் பார்த்துக்கொள்வோம்.' சிறுவயதுக்கு இவ்வளவு போதும். மருத்துவர் உறுதிசெய்யாத நோய்ப் பெயரைத் தந்தை சூட்டலாகாது. உறுதிசெய்த பெயரையும் பிள்ளை கேட்டுப் புரிந்துகொள்ளும் வயதில் பொறுமையாக விளக்கலாம்.

பிள்ளை, 'அம்மாவைப் பிடிக்கவில்லை' என்று ஒருநாள் சொல்லும். 'தாயை அப்படிச் சொல்லாதே' என்று அதன் வாயை அடைப்பது பக்தியை வளர்க்காது, குற்றவுணர்வையே வளர்க்கும். 'உனக்குப் பயமாக இருந்தது, கோபமும் வந்தது. அது இயல்புதான்' என்று ஏற்பதே நலம். மறுநாள் அதே பிள்ளை தாயிடம் ஓடி அணைத்துக்கொள்ளும். அதையும் தந்தை தனக்கு இழைத்த துரோகமாகக் கருதாமல் மகிழ்ந்து ஏற்க வேண்டும். அவர் தாங்கவேண்டிய கடினமான தவம் இதுவே.

கருணை என்பது தீங்கிற்கு அனுமதியன்று. அடி விழும்போது பிள்ளையை விலக்கிக் காப்பது கடமை. 'செத்துவிடுவேன்' என்று தாய் கூறும்போது அவளுக்குக் காவலாகப் பிள்ளையை நிறுத்துதல் கூடாது. அது பெரியவர்களும் மருத்துவர்களும் சுமக்கவேண்டிய பொறுப்பு. 2022 முதல் மத்திய அரசின் 'டெலி மானஸ்' சேவை 14416 என்ற எண்ணில் இலவசமாக மனநல ஆலோசனை வழங்குகிறது. குழந்தைகளுக்கான உதவிக்கு 1098 உள்ளது.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. இக்கோளாறுக்கென 'டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி' என்னும் சிகிச்சையை வகுத்த உளவியலாளர் மார்ஷா லினஹன், இளமையில் தாமே கடும் மனநோயால் மருத்துவமனையில் இருந்ததை 2011-இல் உலகறியக் கூறினார். உள்ளதை உள்ளபடி ஏற்பதும் மாறுவதற்கு முயல்வதும் ஒருசேர வேண்டும் என்பதே அச்சிகிச்சையின் அடிப்படை. ஆண்டுகள் செல்லச் செல்லப் பெரும்பாலோரின் நோய்க்குறிகள் தணிவதை நீண்டகால ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஹவாயின் கவாயி தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். வறுமை, பெற்றோரின் மனநோய், குடும்பப் பூசல் எனப் பல இடர்களுக்கு நடுவே வளர்ந்தோரில் மூன்றில் ஒரு பங்கினர் பண்பும் திறனும் மிக்கவர்களாக உயர்ந்தனர். மாறாத அன்புகாட்டிய ஒருவரேனும் அவர்கள் வாழ்வில் இருந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்த ஒருவர் பாட்டியாகவும் இருக்கலாம், ஆசிரியராகவும் இருக்கலாம்.

குறித்த நேரத்தில் உணவு, சொன்ன சொல் தவறாமை, உறங்குமுன் சிறிது உரையாடல் ஆகியவை மிக எளியவை. ஆயினும் நிலையற்ற வீட்டில் நிலையான ஒன்று உண்டு என்பதைப் பிள்ளைக்கு உணர்த்துபவை இவையே. பிள்ளைக்குச் சொல்லும் உண்மை பாதி வாயால் சொல்லப்படுகிறது. மீதிப் பாதியை அன்றாடம் வாழ்ந்தே காட்ட வேண்டியிருக்கிறது.